பேருந்துப் பலகையும் பல பார்வைகளும்

மூக்குக்கண்ணாடி வாணிகம் என்பது, தமக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று உறுதியாக நம்பும் மனிதர்களிடம் பண்டம் விற்கும் தொழிலாகும். 1995ஆம் ஆண்டு தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள், பெரம்பலூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் நான் அத்தொழிலை நடத்தினேன். கல்லூரி வாசலை நான் மிதித்ததில்லை. திருச்சியில் லென்ஸ் அறுக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தபடியே, பழைய புத்தகக் கடையில் வாங்கிய நூல்களைக் கொண்டு ஒளியியலை நானே கற்றேன். இக்கட்டுரையின் தமிழும் அவ்விதம் ஈட்டியதே. கடை வைத்து வாடிக்கையாளரிடம் அல்லல்பட்ட அன்பர்கள் எவராயினும், கீழ்க்கண்ட நிகழ்ச்சிகளில் தம் கடையையும் அடையாளம் காண்பர்.

வாசற்படிச் சோதனை

கடையின் உட்சுவரில் முறைப்படி எழுத்து அட்டை ஒன்றை மாட்டி, அதற்கென விளக்கும் பொருத்தியிருந்தேன். அதை எவரும் மதிக்கவில்லை. புதுக் கண்ணாடியை மாட்டியதும் ஆணும் பெண்ணும் நேரே வாசற்படிக்குச் சென்று, எதிரே நிற்கும் பேருந்துகளின் ஊர்ப்பலகையைப் படிப்பார்கள். பலகை தெரிந்தால் கண்ணாடி நல்லது. தெரியாவிட்டால் கடைக்காரன் மோசம். இதுவே எங்கள் ஊர் வழக்கம்.

ஒருநாள் விவசாயி ஒருவரை வலுக்கட்டாயமாக அட்டைக்கு முன் உட்கார வைத்து, கடைசி வரி வரையில் படிக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகப் படித்து முடித்துவிட்டு எழுந்து வாசலுக்கு நடந்தார். சோதனைதான் முடிந்துவிட்டதே என்றேன். அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "சார், உங்க அட்டையில இருக்கிற எழுத்தைப் படிச்சிட்டு நான் எந்த ஊருக்குப் போறது?"

குன்னத்தில் ஒரு முகாம்

குன்னத்தில் நடந்த கண் பரிசோதனை முகாமுக்கு உதவியாளனாகச் சென்றிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென ஓர் அட்டை உண்டு. அதில் மூன்று கால் கொண்ட ஒரே குறி, மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பியிருக்கும். கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றனவோ, பார்ப்பவர் அந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும். பருத்தி எடுப்பை விட்டு வந்த பெண்கள் ஒரே பெஞ்சில் வரிசையாக அமர்ந்திருந்தனர்.

முதலில் இருந்தவர் வலப்பக்கம் கையை நீட்டினார். உடனே பெஞ்சு முழுவதும் வலப்பக்கம் கையை நீட்டியது. அவர் மேலே காட்ட, அனைவரும் மேலே காட்டினர். ஒவ்வொருவராகத்தான் காட்ட வேண்டும், மற்றவரைப் பார்த்துக் காட்டக் கூடாது என்று நான் சற்றுக் கடிந்துகொண்டேன். பெஞ்சின் கோடியில் இருந்த அம்மையார் நீட்டிய கையை இறக்காமலேயே விடையளித்தார்: "நாங்க எல்லாம் ஒரே தெருங்க சார், எங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்."

ஏலாக்குறிச்சிப் பெண்

செவ்வாய்க்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டு அரியலூரில் நண்பரின் மருந்துக்கடை ஓரத்தில் அமர்வேன். அங்கே ஏலாக்குறிச்சியிலிருந்து ஒரு தகப்பனார் தம் மகளை அழைத்து வந்தார். பெயர் ஆரோக்கியமேரி, பத்தாம் வகுப்பு. வகுப்பில் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்பது அவள் குறை. கண்ணாடி போட்டால் நாளைக்கு வரன் வருவது தடைப்படும் என்பது அவர் குறை. மாதா கோயிலில் வேண்டிக்கொண்டிருப்பதாகவும், சில மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றும் அவர் கூறினார்.

சோதனைச் சட்டத்தில் உரிய லென்ஸைப் பொருத்தி அவள் முகத்தில் வைத்தேன். அவள் தெருவின் மறுகோடி வரையில் பார்த்தாள். எங்கள் தலைமுறை 'இலட்சியம்' என்று மேடையில் முழங்கிய சொல்லை அவள் பயன்படுத்தவில்லை. தகப்பனாரைப் பார்த்து இவ்வளவே கேட்டாள்: "நான் டீச்சராவணும்னு சொன்னப்ப சரின்னீங்களேப்பா, போர்டே தெரியாதவ எப்புடி டீச்சராவா?"

கலியபெருமாள் படித்த பலகைகள்

பெரம்பலூருக்கும் பாடாலூருக்கும் இடையே ஓடிய தனியார் பேருந்து ஒன்றின் ஓட்டுநர் கலியபெருமாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சாலையில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பது அவருடைய பெருமை. "நம்ம வண்டியில ஏறுனவன் வூட்டுக்குப் போயி சோறு திங்கணும், அவ்வளவுதான் சார் நம்ம கொள்கை" என்பார். தலைவலி என்று சொல்லிக் கடைக்கு வந்தவர், வழக்கப்படி வாசற்படியில் நின்று துறையூர், அரியலூர், ஆத்தூர் எனப் பலகைகளை வரிசையாகப் படித்துக் காட்டினார். உள்ளே அட்டைக்கு முன் உட்காரவைத்தால், மூன்றாம் வரியைத் தாண்டவில்லை. எனக்குக் குழப்பமாயிற்று.

மீண்டும் வாசலுக்கு அழைத்துச் சென்றேன். அப்போது ஒரு வண்டி வந்து நின்றது. அவர் தயங்காமல் "ஆத்தூர்" என்றார். பலகையிலோ 'வேப்பந்தட்டை' என்று முழ உயரத்துக்கு எழுதியிருந்தது. பழுதான ஏதோ வண்டிக்குப் பதிலாக ஆத்தூர் வண்டியை அன்று வேப்பந்தட்டைக்கு விட்டிருக்கிறார்கள். இவர் எழுத்தைப் படிக்கவேயில்லை. வண்டியின் சாயலையும் இரைச்சலையும் கொண்டு ஊரைச் சொல்லிவந்திருக்கிறார். பலகை வேறு என்று நான் சொன்னதும், அவர் முகம் வாடவில்லை. "போர்டு என்னத்த வேணா போடட்டும் சார், அது ஆத்தூர் வண்டிதான்!" என்றார்.

அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். தூரத்துப் பார்வை குறைந்திருக்கிறது, கண்ணாடி போட்டால் முற்றிலும் சரியாகும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஆனால் கலியபெருமாள் கண்ணாடி வாங்க மறுத்தார். அவருக்கு முன் அவ்வண்டியை ஓட்டியவர் கண்ணாடி மாட்டிய வாரமே, முதலாளி அவரை ஷெட்டில் டயர் பார்க்க அனுப்பிவிட்டாராம். கண்ணாடி இல்லாமல் ஓட்டுவது தவறு என்று நான் கண்டித்துச் சொன்னேன். அவர் எழுந்துகொண்டார்: "கண்ணாடி போட்டா ஸ்டியரிங் போச்சு சார். அந்த ரோட்டுல ஒவ்வொரு குழியும் எனக்குப் பேரு சொல்லிக் கூப்புடுற அளவுக்குப் பழக்கம்."

துபாயிலிருந்து வந்த கறுப்பு

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ரஹ்மத் பீவி என்னும் அம்மையார் வருவார், பல்லாண்டு வாடிக்கையாளர். துபாயில் வேலை பார்க்கும் அவர் மகன் விலையுயர்ந்த கூலிங் கிளாஸ் ஒன்றை அம்மாவுக்கென வாங்கி அனுப்பியிருந்தான். அதன் கறுப்பு லென்ஸைக் கழற்றிவிட்டு, அவருடைய பவரில் அதே கறுப்பில் லென்ஸ் போட்டுத் தர வேண்டும் என்றார். இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன். "வாராவாரம் போன்ல கேக்குறான் சார், 'அம்மா, போட்டீங்களா'ன்னு. பொய் சொன்னா அல்லாஹ் பாத்துக்கிட்டிருக்கான். உண்மையா போட்டுக்கிட்டா சுவத்துல முட்டிக்கிறேன்."

மனத்தை மாற்றிக்கொள்வாரோ என்று அன்றைக்கு நான் மீண்டும் வரச்சொல்லியிருந்த கலியபெருமாள், பக்கத்து நாற்காலியில் அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மையார் படியிறங்கியதும் என்னருகே வந்தார். கறுப்பு லென்ஸிலும் பவர் போட முடியும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. பகலில் மட்டுமே அதைப் போட வேண்டும், பொழுது சாய்ந்தால் சாதாரணக் கண்ணாடிக்கு மாறிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு இரண்டு ஜோடி செய்து கொடுத்தேன். கறுப்பை அங்கேயே மாட்டிக்கொண்டு, வெள்ளையைச் சட்டைப் பைக்குள் ஆழத் தள்ளினார். "இப்ப பாக்குறவன் ஸ்டைலுன்னுதான நெனைப்பான்?" என்றார்.

பவர் இல்லாத கண்ணாடி

அவ்வாண்டு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கலியபெருமாளின் முதலாளி துரைசாமி ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்கு நின்றார். சுவரொட்டிக்குப் படம் எடுக்கவேண்டும், அதற்கு ஒரு கண்ணாடி வேண்டும் என்று கடைக்கு வந்தார். சோதித்துப் பார்க்கலாமா என்றேன். பவரெல்லாம் வேண்டாம், கண்ணாடி போட்டால்தான் தொலைநோக்கு உள்ளவர் என்று சனங்கள் நம்புவார்கள் என விளக்கினார். கனத்த கறுப்புச் சட்டம் ஒன்றை எடுத்து, வெறும் கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்தேன். ஆளுயரக் கண்ணாடிக்கு முன் நின்று, முகவாயில் விரலை ஊன்றிப் பார்த்துக்கொண்டார்.

புறப்படும்போது, "நம்ம கலியபெருமாள் அடிக்கடி இங்க வர்றானாமே?" என்று கேட்டார். ஒருவர் கண்ணின் குறையை மற்றொருவரிடம் சொல்வதில்லை என்பது என் கடையின் விதி. கூலிங் கிளாஸ் வாங்கினார் என்றேன்; அது மெய்யே. முதலாளி தம் புதுக் கண்ணாடியை மூக்கின் மேல் தூக்கிவிட்டுக்கொண்டு நிம்மதியாகச் சொன்னார்: "கூலிங் கிளாஸ்னா சரிங்க. கண்ணாடி போட்டவன் கையில வண்டியக் குடுத்தா ஜனம் நம்பி ஏறாது."

மாலை வண்டி

திருச்சி–சென்னைச் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்திய காலம் அது. காலையில் இருந்த பாதை மாலையில் இராது. கலியபெருமாள் மனப்பாடம் செய்திருந்த குழிகளையெல்லாம் தூர்த்து, புதிய மண்மேடுகளை எழுப்பியிருந்தனர். ஒரு மாலை, உறவினர் வீட்டுக்காக நான் பாடாலூருக்கு அவர் வண்டியில் ஏறினேன். முதலாளியும் உள்ளே இருந்தார்; இருக்கை இருக்கையாக நோட்டீசு கொடுத்துக்கொண்டு வந்தார். அதனாலேயே, பொழுது சாய்ந்தும் கலியபெருமாள் கறுப்புக் கண்ணாடியை மாற்றவில்லை. நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி இறக்கினார், பிறகு முன்கண்ணாடியோடு முகம் ஒட்டும்படி குனிந்துகொண்டார்.

பாடாலூருக்குச் சற்று முன்னால், நேற்றுவரை நேராகச் சென்ற சாலையின் குறுக்கே மண் கொட்டிக் கிடந்தது. பிரேக் விழுந்தது. பின்னாலிருந்த சின்ன வெங்காய மூட்டை ஒன்று அவிழ்ந்து, காய்கள் வண்டி முழுதும் உருண்டு ஓடின. மண்மேட்டுக்கும் வண்டிக்கும் இடையே ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். அடிபட்டவர் எவருமில்லை. கலியபெருமாள் இன்ஜினை அணைத்தார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கண்ணாடியை எடுத்துக் காக்கியில் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார். "எனக்குத் தூரத்துல இருக்கிறது மங்கலாத்தான் தெரியுதுங்க. இதப் போட்டா நல்லாத் தெரியுது. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. இம்புட்டு நாளு மறைச்சு வச்சிருந்தது என் தப்பு. பயமா இருக்கிறவங்க எறங்கி அடுத்த வண்டியில வாங்க."

முதலாளியின் முகம் கறுத்தது. "நாளைக்கு நீ ஷெட்டுக்கு வந்துடு" என்றார். கலியபெருமாள் தலையாட்டினார். உருண்ட வெங்காயத்தை மடியில் அள்ளிக்கொண்டிருந்த வியாபாரி பொன்னம்மாள்தான் பேசினார்: "ஏய்யா, கண்ணு தெரியாமயா எங்களை இட்டாந்துகிட்டு இருந்தே? நல்லா இருக்குய்யா உன் நாயம்!" வெள்ளை வேட்டி அணிந்த பெரியவர் ஒருவர் பையை எடுத்துக்கொண்டு விடுவிடென்று இறங்கினார். அவர் பின்னால் இன்னும் சிலர் எழுந்தனர். ஓட்டுநர் இருக்கை போயிற்று என்றே நான் முடிவு செய்தேன்.

அதற்குள் அடுத்த வண்டி வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. அதன் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, கண்ணை இடுக்கிக்கொண்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார். வேட்டிப் பெரியவர் அவர் முகத்தையே சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். பின்பு திரும்பி வந்து எங்கள் வண்டியிலேயே ஏறி, பழைய இடத்தில் அமர்ந்தார். ஏன் ஏறிவிட்டீர்கள் என்று நடத்துநர் கேட்டார். "இவருக்கு எம்புட்டுத் தெரியும்னு டாக்டரு எழுதிக் குடுத்துட்டாரு. அவருக்கு எம்புட்டுத் தெரியும்னு யாரப் போயிக் கேக்குறது?" என்றார் பெரியவர். எழுந்தவர்கள் உட்கார்ந்தனர். பொன்னம்மாள் முதலாளியைப் பார்த்து, "ஏங்க மொதலாளி, நாளைக்கு இவருக்குப் பதிலா ஒருத்தன அனுப்புவீங்களே, அவன் கண்ணப் பாத்தாச்சா?" என்று கேட்டார். துரைசாமி வண்டிக்குள் சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொருவர் கையிலும் அவருடைய நோட்டீசு இருந்தது. அனைவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தனர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வண்டிய எடுப்பா. கண்ணாடியக் கழட்டாத. நாளைக்கும் நீதான்."

குறைந்த பார்வைக்குத் தகுந்த லென்ஸ் போட்டுக் கொடுப்பது அரைமணி நேர வேலைதான். அதை வாங்கியவர்கள் நாலு பேர் முன்னிலையில் மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்ததே என் பன்னிரண்டு ஆண்டுத் தொழிலின் மிச்சமெல்லாம்.