மொரிஸ் இன்னும் மேய்கிறான்

நான் மொரிஸைத் தின்றேன்.

பதறவேண்டாம், மொரிஸ் ஓர் ஆடு. ஆனால் முழுவதும் கேட்டபின் பதறாமலும் இருந்துவிடாதீர்கள்!

கம்பளி மயிரும் மொஹேரும் வாங்கி விற்பது என் தொழில். மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் மயிர், பட்டைப்போல மினுங்கும். ஒக்லாந்தில் என் உறவினர் எல்லாரும் கணக்காளர், பொறியியலாளர் என்று விளங்க, நான் மட்டும் வெஸ்ட்கேட்டுக்கு வடக்கே பண்ணை பண்ணையாகப் போய் ஆட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். 'மயிர் வியாபாரி' என்று என் முகத்துக்கு நேரே அவர்கள் சொல்வதில்லை. படித்தவர்கள் அல்லவா, முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள்.

மற்றவர்கள் எனக்கு விற்கத் தயங்கிய காலத்தில், மந்தை முழுவதின் மயிரையும் நம்பித் தந்தவர் கொலின். பார்வை போய், வெஸ்ட்கேட் முதியோர் இல்லத்துக்கு அவர் போகவேண்டி வந்தபோது மந்தையை விற்றார். மொரிஸை மட்டும் விற்கவில்லை. கயிற்றை என் கையில் கொடுத்தார். நண்பன் என்ற பொருளில் என்னை 'மேட்' என்றுதான் கூப்பிடுவார்.

"நல்ல இடமாகப் பார், மேட். கசாப்புக்கு மட்டும் வேண்டாம்."

"என் பிள்ளையைப்போலப் பார்ப்பேன்" என்றேன். என் பிள்ளைகள் எனக்கு ஒற்றை ஆங்கிலச் சொல்லில் பதில் சொல்பவர்கள் என்பது வேறு கதை.

காணி வைத்திருந்த நண்பரிடம் விடத்தான் நினைத்தேன். அவர் வெளியூர் போயிருந்ததால், கிளென் ஈடனில் என் மைத்துனன் வீட்டுப் பின்வளவில் கட்டினேன். அங்கே அவன் மகளின் பிறந்தநாளுக்கு ஆட்கள் கூடியிருந்தார்கள்.

"அத்தான், வருசம் முழுக்க ஆட்டுக்குப் பின்னால திரியிறியள். ஒரு நாளைக்காவது எங்கட சட்டிக்குள்ள ஒண்டு விழாதோ?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏன் விழாது? இந்தா நிக்குது!" என்றேன்.

ஒரு சிரிப்பை என் பக்கம் திருப்ப நான் கொடுத்த விலை... இல்லை, கொடுத்தவன் நானல்ல!

கயிற்றைப் பிடித்துப் போனதும் நானே. மற்றவர்களைக் கண்டு மிரண்டவன் என்னோடு அமைதியாக நடந்தான். என் சட்டையில் அவனுடைய மந்தையின் வாடை இருந்தது. கறி நல்ல பதம். எலும்பாகப் பார்த்து இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். இந்த ஒன்றையாவது உங்களிடம் மறைத்திருக்கலாம்...

அடுத்த மயிர்வெட்டுக் காலத்தில் கொலினிடம் போனேன். உண்மையைச் சொல்லத்தான், நம்புங்கள். அவர் கையை நீட்டினார்.

"அவனுடைய மயிர்க்கற்றை கொண்டுவந்தாயா?"

வண்டியில் வேறொரு மந்தையின் மூட்டை இருந்தது. போய் எடுத்துவந்தேன்! விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தவர், "கள்ளப் பயல், நன்றாகத்தான் தின்கிறான்" என்றார்.

ஆட்டுக்கு வயதேற மயிர் தடிக்கும். ஆகவே ஒவ்வொரு பருவமும் முந்தியதைவிடச் சற்றே தடித்த கற்றையாகத் தேடி எடுத்தேன். வியாபாரத்தில்கூட நான் இத்தனை நேர்மையாகத் தரம் பிரித்ததில்லை.

"ஏனப்பா, அந்த மனுசனிட்ட உண்மையைச் சொன்னா என்ன?" என்றாள் மனைவி.

"சொன்னா அந்தாளுக்கு என்ன மிஞ்சும்?"

அந்தாளுக்கா... எனக்கா?

போன கிழமை கொலின் கற்றையை நெடுநேரம் உருட்டினார்.

"தும்புபோலத் தடித்துவிட்டது. கிழவனுக்குக் காலம் வந்துவிட்டது, மேட். நோக விடாதே. நீயே செய். உன்னோடென்றால் பயப்படாமல் வருவான்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

எத்தனை அருமையான வாய்ப்பு, பாருங்கள்! 'முடிந்தது' என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் பொய்யும் மொரிஸோடு புதைந்துவிடும். அதைச் சொல்லத்தான் நேற்றுப் போனேன்.

"செய்துவிட்டாயா?" என்றார்.

கையில் அந்தக் கயிறு இருப்பதுபோல் இருந்தது. பின்னால் அவன் நடந்து வருவதுபோலும்...

"குளிர் போகட்டும். இன்னும் மேய்கிறான்."

கொலின் முகம் மலர்ந்தது. நான் அதைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தேன்.

இப்போது ரானுயியில் என் கராஜில் மூட்டைகளைப் பிரித்துப் போட்டு, அடுத்த கற்றையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். போன கிழமை கொடுத்ததைவிடத் தடித்த மயிர் எந்த ஆட்டிலும் இல்லை.