மொட்டை வேலைக்குப் போன நாள்

எங்கள் குடியிருப்பைக் கூட்டிப் பெருக்குகிற அக்காவுக்குப் புயல் என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். நாங்கள் எழுந்து முகம் கழுவுவதற்குள் படிக்கட்டு, வண்டி நிறுத்தும் இடம், பின்பக்கத்து மண்தரை எல்லாம் முடிந்திருக்கும். மண்ணில் விளக்குமாறு போன தடம் சீப்பு வைத்து வாரியது போலிருக்கும். அதை முதலில் மிதிக்கிறவரை ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பயந்தே பால் வாங்கப் போகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு போவார்கள்.

கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போனாலும் சும்மா உட்கார மாட்டார். சம்பந்தி வீட்டுப் பரணில் ஏறி ஒட்டடை அடித்துவிட்டு வந்திருக்கிறார். “விருந்தாளியா வந்தாங்களா, வேலைக்கு வந்தாங்களான்னு என் மாமியார் கேக்குறாங்கம்மா, மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது?” என்று மகள் போனில் திட்டியதை எங்களிடம் அப்படியே நடித்துக் காட்டுவார். “அந்தம்மாவுக்குப் பொறாமை. அவங்க பரணோட நிறத்த அவங்களே அன்னைக்குத்தான் பாத்தாங்க” என்று முடிப்பார்.

இப்படிப்பட்டவருக்கு எதிரிகளாக வாய்த்தது பின்பக்கத்துப் பெரிய மரமும் குடியிருப்பின் பிள்ளைகளும். மரம் நாள் முழுக்க இலையும் விதைக்கூடும் கொட்டும். பிள்ளைகள் அதை வாரிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் ஊரே கட்டியிருந்தார்கள். மரப்பட்டைக் கூரை, குச்சி வேலி, உச்சியில் காக்கை இறகு நட்ட பள்ளிக்கூடம், விதைக்கூடுகளைக் கொடியில் கோத்த ரயில். வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் புதிதாகச் சிவப்புச் சாயம் வேறு. ஊர் மக்கள் அத்தனை பேரும் கூழாங்கற்கள். பிள்ளைக்கு ஒரு கல். அடுத்தவர் கல்லைத் தொடக் கூடாது.

புயலுக்கும் அவர்களுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. “தொட்டிக்குப் பின்னாடி என் விளக்குமாறு வராது. முன்னாடி எது கெடந்தாலும் அள்ளிடுவேன். அப்புறம் வந்து அழக் கூடாது.”

ரெண்டாம் மாடிச் சின்னவளின் கல்லுக்கு மொட்டை என்று பெயர். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வழவழவென்று உருண்டை. விதைக்கூட்டுத் தொட்டிலில்தான் தூங்குவான். அவனை எழுப்ப அவள் காலையில் இறங்கி வரும்போது, பெரிய இலை ஒன்றைக் கிண்ணமாக மடித்து, தண்ணீர் ஊற்றி, ரெண்டு பூவிதழ் போட்டுப் புயலிடம் நீட்டுவாள். அதுதான் டீ. புயல் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு உறிஞ்சுவது போல் சத்தம் கொடுப்பார். “சக்கரை தூக்கலா போட்டுட்ட. எனக்கு ஆகாது, தெரியும்ல?” ஒரு நாளில் அவர் நின்ற இடத்தில் நிற்பது அந்த ஒரு நேரம்தான்.

ஒரு விடுமுறை நாள். காலையிலேயே புயலின் குரல் வாசலில் கேட்டது. குப்பைத் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் அரைச் செங்கல்லைக் காணோமாம். வாசல் சரிவு, முட்டு இல்லாவிட்டால் வண்டி ரோட்டுக்கே ஓடிவிடும். காவல்காரரிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினால் சின்னவள் நிற்கிறாள். கையில் இலை இல்லை.

“மொட்டையக் காணோம்.”

“எங்க வெச்ச?”

“தொட்டிக்கு முன்னாடி. நேத்து அவனுக்குக் காய்ச்சல். குளிருதுன்னு சொன்னான், வெயில்ல படுக்க வெச்சேன். மறந்துட்டேன்.”

“முன்னாடி கெடந்தா அள்ளிடுவேன்னு சொல்லியிருக்கேன்ல?”

அவள் தலையாட்டினாள். அழுதிருந்தால் புயல் சமாளித்திருப்பார். அவள் வண்டிப் பக்கத்தில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். குப்பை லாரி வரும் நேரம் அவளுக்கும் தெரியும்.

புயல் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தார். பிறகு வண்டியிலிருந்த மூட்டைகளை இறக்கி, தானே வாரிவிட்ட தரையில் தானே கவிழ்த்தார். மாடியிலிருந்து பார்த்த எங்களுக்கு நம்ப முடியவில்லை. சருகையும் மண்ணையும் கையால் அளைந்து தேடினார். சின்னவளின் அண்ணனும் மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். நாங்களும் இறங்கி வந்தோம். காவல்காரர் வழியில் கிடந்த கல் ஒன்றைத் துடைத்து நீட்டினார்.

“இது மொட்டை இல்ல. இது யாரோ.”

கீழ்வீட்டுப் பல் டாக்டர் தன் மீன்தொட்டியிலிருந்து பளபளப்பான கல்லாகப் பார்த்து எடுத்து வந்தார். சின்னவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டாள். “ரொம்ப அழகா இருக்கு அங்கிள். மொட்டை இவ்வளவு அழகா இருக்க மாட்டான்.”

“ஒரு கல்லுக்கு இவ்வளவு பாடா அக்கா?” என்றார் காவல்காரர்.

“உனக்கு எவளாவது தினம் டீ போட்டுத் தர்றாளா? தேடு.”

லாரி வந்து ஹாரன் அடித்தது. எல்லாவற்றையும் திரும்ப வண்டியில் அள்ளிப்போட வேண்டியதாயிற்று. சின்னவள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “உள்ள இருந்தான்னா?”

“பிடி பிடியாப் பாத்துட்டேன் கண்ணு. இதுல இல்ல. நெஜமா.” சொல்லிக்கொண்டே சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்ததை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். லாரிக்காரர் இன்னொரு தடவை ஹாரன் அடித்தார். புயல் நிமிரவில்லை.

சின்னவளும் குனிந்து பார்த்தாள். தட்டைப் பக்கம் தரையில் பதிய, முதுகில் சக்கரத்தைத் தாங்கிக்கொண்டு மொட்டை உட்கார்ந்திருந்தான்.

“செங்கல்லக் காணோம்மா,” என்றார் புயல். அந்தக் குரலில் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. “வண்டி உருளுது. முறத்துல கைக்கு வந்தத எடுத்து வெச்சுட்டேன். பாக்கவே இல்ல.”

சின்னவள் சக்கரத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், சரிவைப் பார்த்தாள்.

“இவன எடுத்துட்டா?”

“ரோட்டுக்கு ஓடிடும்.”

“இவ்வளவு நேரமும் இவன்தான் புடிச்சிட்டு இருந்தானா?”

“ஆமா. தனியாளா.”

அவள் முகம் மலர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. அண்ணன் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: “மொட்டை வேலைக்குப் போயிருக்கான்.”

லாரிக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். புயலுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு பழைய குரலும். “அது சரி, என் செங்கல் எங்க?” பிள்ளைகள் ஒரே சமயத்தில் மரத்தில் குருவி தேட ஆரம்பித்தார்கள். சின்னவளின் அண்ணனுடைய நகக்கண் பத்தும் சிவப்பு. ஊரின் கதவுகளுக்குச் சாயம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அங்கேயே பேசி முடிவானது. காலையில் மொட்டைக்கு வேலை. லாரி போனதும் புயலே அவனைக் கழுவித் துடைத்துத் தொட்டிலில் கொண்டுபோய் விட வேண்டும். காய்ச்சல் என்றால் லீவு.

“எனக்கே லீவு கெடையாது,” என்றார் காவல்காரர்.

“நீ எந்த வண்டியப் புடிச்ச?”

இரண்டு நாள் கழித்துக் காவல்காரர் எங்கிருந்தோ முழுச் செங்கல் ஒன்று கொண்டுவந்தார். புயல் அதைத் தள்ளிவிட்டார். “வேலைக்கு வந்த பையன எதுக்கு நிறுத்தணும்?” அந்தச் செங்கல் பிள்ளைகளுக்குப் போனது. ஊரில் இப்போது கூரைகளும் சிவப்பு.

டீ தினமும் இரண்டாக வருகிறது. ஒன்று புயலுக்கு. மற்றொன்றைச் சின்னவள் சக்கரத்தடியில் வைத்துவிட்டு, “அவனோடதையும் நீங்களே குடிச்சிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பெருக்கி முடித்த தரையில் அந்த ஓர் இலை மட்டும் கிடக்கும். புயல் அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவார்.