ராக்கையா கழுத்தில் விழுந்த மாலை

தேனிச் சந்தை முக்கில் சிமெண்டில் ஒருத்தன் பஞ்சுப் பொதியில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்குவான். கோபுர வேலைக்கு வந்த கொத்தனார், சுமைதூக்கி ராக்கையாவைப் பார்த்துச் செய்த சிலை அது. பொதியை இறக்கிய கையோடு அங்கேயே சாய்ந்துவிடுவானாம் ராக்கையா. பார்க்கிற சனம் வயிறு வலிக்கச் சிரிக்கும். சில கிறுக்குப் பயல்கள் அந்த வாயில் பீடியையும் சொருகிவிட்டுப் போவான்கள்.

தேவாரம் ஊரில் இருந்த அவன் பெண்டாட்டி இருளம்மாள் அதைப் போய்ப் பார்த்ததே இல்லை. "தூங்குமூஞ்சிக்குச் செல வச்ச ஊரு இது ஒண்ணுதான்" என்று தலையில் அடித்துக்கொண்டதோடு சரி. இப்போது ராக்கையா மூச்சிழுப்பு கண்டு பாயில் கிடந்தான். டாக்டர் கைவிரித்துவிட்டார். அவன் பிழைத்தால் போதுமென்று வீரபாண்டி அம்மனுக்கு அக்கினிச்சட்டி நேர்ந்திருந்தாள்.

ஆயுதபூசைக்கு மறுநாள் பூக்காரி மலையம்மாள் வந்து, "ஒம் புருசன் செலைக்குப் பொட்டு வச்சு மாலை போட்டிருக்காக" என்றாள். உயிரோடு இருக்கிறவன் உருவத்துக்கு எவனாவது மாலை போடுவானா? செத்தவன் படத்துக்கல்லவா போடுவார்கள்! விளங்குமா அந்தக் கை! இருளம்மாள் தேனிக்கு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

சிலையடியில் ராக்கையாவோடு பொதி தூக்கிய சுருளிவேல் நின்றான்.

"ஏலே சுருளி, யாருடா மாலை போட்டது?"

"நாந்தான் மதினி. வண்டி, தராசு, கொக்கி எல்லாத்துக்கும் போட்டோம். அண்ணன் மட்டும் வெறுங்கழுத்தா இருக்காகளேன்னு..."

"அவுக உசுரோட இருக்காகடா, பாவி!"

சிலையின் பொதிமேல் கால்வைத்து ஏறினாள். கூட்டம் சிரித்தது. மாலையை அறுத்தெறிந்து, முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். அப்போதுதான் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். அந்தக் கொத்தனார் ஒன்றையும் விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, மூக்கு விடைத்திருந்தது, விலாவில் குழி விழுந்திருந்தது. வீட்டுப் பாயில் கிடக்கிற அதே முகம். இதையா தூக்கம் என்றார்கள்? ஐயோ, மூச்சுக்கு அலைகிறவன் முகமல்லவா இது!

வீடு திரும்பியதும் ராக்கையா கேட்டான். "செலையப் பாத்தியா? சனம் சிரிக்குதா?"

"நீங்க தூங்கலையே. அப்பவே இழுத்துச்சா?"

அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னான். "பஞ்சுத் தூசிதான். எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சிட்டேன்."

"எங்கிட்டயாவது சொல்லப்படாதா?"

"நீயும் தூங்குமூஞ்சின்னுதான சொன்ன."