பாஸ்கர் அண்ணன் கண்ணாடிக்கு வைத்த பொட்டு

பாஸ்கர் அண்ணன் இன்று காலை தவறிவிட்டார். கிள்ளான் மருத்துவமனையில்... ஹார்ட் அட்டாக். ஐம்பத்தெட்டு வயதுதான்.

இங்கே பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பூச்சோங்கில் எங்கள் சின்னக் கம்பெனியில் ஒன்பது வருடம் ஒன்றாக வேலை செய்தோம். காற்றில் கெட்ட வாயு கலந்திருக்கிறதா என்று லேசர் வைத்துப் பார்க்கும் வேலை. எனக்கு ஏசி அறையில் கம்ப்யூட்டர். அவருக்கு வேன், ஏணி, வெயில்.

அதற்கு முன் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். லேசருக்கென்று அவரிடம் எந்த சர்ட்டிபிகேட்டும் கிடையாது. ஆனால் சர்ட்டிபிகேட் வைத்திருக்கும் நான் அரை நாள் திணறும் இடத்தில் அவர் பத்து நிமிடத்தில் செட் பண்ணிவிட்டுக் கடைக்குத் தே தாரேக் டீ குடிக்கப் போய்விடுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

விஷயம் சிம்பிள். ஒரு பக்கம் லேசர் பெட்டி, தூரத்தில் எதிரே ஒரு கண்ணாடி. ஒளி போய்ப் பட்டுத் திரும்பி வரும். நடுவில் அம்மோனியா இருந்தால் அந்த ஒளியில் கொஞ்சம் காணாமல் போகும். எவ்வளவு காணவில்லையோ, அதை வைத்து எவ்வளவு வாயு என்று சொல்லிவிடலாம்.

எங்கள் லேசர் கண்ணுக்குத் தெரியாது. ஒரு செக்யூரிட்டி இதைப் பார்த்துவிட்டு, லைட்டே எரியவில்லை, மிஷின் கெட்டுப் போச்சா என்று கேட்டார். அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லாமல், “தெரிஞ்சா அது டார்ச் லைட் லா, பாஸ்” என்றார்.

கிள்ளான் பக்கம் மேருவில் நடந்த கதையைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது.

அங்கே ஓர் ஐஸ் தொழிற்சாலை. அதை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். சில நாள் விடியற்காலையில், ஐஸ் உறைய வைக்கும் அம்மோனியா கசிந்து கண்ணெல்லாம் எரியும். சாந்தி என்ற ஓர் அம்மா, அவர் மகளுக்கு ஆஸ்துமா. ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில்தான் அந்தப் பிள்ளைக்கு இழுப்பு வரும். தொழிற்சாலைக்காரர்களோ எதுவுமே கசியவில்லை என்று சாதித்தார்கள். இரண்டு வாரம் இடைவிடாமல் எடுத்த ரீடிங் கொடுங்கள், நடவடிக்கை எடுக்கிறேன் என்றார் சுற்றுச்சூழல் இலாகா அதிகாரி அம்மா.

போய் லேசரையும் கண்ணாடியையும் மாட்டினோம். முதல் வாரமே இரண்டு முறை அளவு எகிறியது. சாந்திக்கு அவ்வளவு சந்தோஷம்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அன்றிலிருந்து திரும்பி வரும் ஒளி பாதியாகக் குறைந்துவிட்டது. பனிமூட்டம், ஈரம் என்று நானும் ஆபீசில் உட்கார்ந்து என்னென்னவோ காரணம் யோசித்தேன். ஆறு நாள் கழித்து நேரில் போய் ஏணியில் ஏறிப் பார்த்தால், கண்ணாடி நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் மாலை வாங்கிக்கொண்டு, லீவு நாளில், மேரு வரை வந்து பூஜை போட்டிருக்கிறார் மனுஷன்.

“அண்ணே, கண்ணாடிக்கா பொட்டு வெப்பீங்க?”

“நம்ம சாமான்லயே இதான்மா ரொம்ப முக்கியமா ஓடுது. இதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?”

அந்த ஆறு நாள் ரீடிங்கும் செல்லாது. கண்டபடி திட்டினேன். துடைத்துவிட்டு, இறங்கி வந்து வேன் பக்கத்தில் நின்றார்.

வாயு வந்தது உண்மைதானே, அப்படியே ரிப்போர்ட் கொடுத்துவிடலாம், பொட்டு விஷயம் யாருக்குத் தெரியப்போகிறது என்றார் முதலாளி. நானும் முதலாளி பக்கம்தான் பேசினேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “பின்னாடி ஒருத்தன் கண்டுபுடிச்சான்னா மொத்தமும் பொய்னு தூக்கிப் போட்டுருவான். அப்புறம் அந்தப் பிள்ளைக்காக யாரு பேசுவா? முதல்லேருந்து எடுப்போம்.”

சாந்தி வீட்டுக்குப் போய் அவரே சொன்னார். என் தப்புதான், இன்னும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும் என்று. அந்த அம்மா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. இதற்குள் தொழிற்சாலைக்காரர்கள் சரிசெய்துவிட்டால் என் மகள் பட்டதெல்லாம் பொய்யாகிவிடுமே என்று அழுதார். அண்ணன் வாசலில் நின்றபடியே, “கசியற வால்வ அவங்க இன்னும் மாத்தலம்மா. மறுபடியும் வரும். நாங்க போக மாட்டோம்” என்றார்.

ஒன்பது நாள் ஒன்றுமே வரவில்லை. அண்ணன் தினமும் காலையில் கிள்ளானிலிருந்து வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் விடியற்காலை சாந்தி போன் பண்ணினார், கண் எரிகிறது என்று. அவர் சொல்லி முடிப்பதற்குள் என் ஸ்கிரீனில் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. மீதி நாட்களையும் ஓட்டி முடித்தோம்.

ரிப்போர்ட்டில் பழைய தவறையும் எழுதச் சொன்னார் அண்ணன், தன் முழுப் பெயரோடு. மீட்டிங்கில் தொழிற்சாலைக்காரர் அந்தப் பக்கத்தைத்தான் தூக்கிக் காட்டினார். கண்ணாடிக்குப் பூஜை பண்ணுகிறவர்களை எப்படி நம்புவது என்று சிரித்தார். அந்த மலாய்க்கார அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. தவறைப் பெயர் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மீதியை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும் என்று கேட்டார். அந்த மாதமே வால்வு மாறியது.

சாந்தியிடம் இன்று நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அண்ணன் வீடு எங்கே என்று கேட்டார்.

அண்ணே... இதை டெங்கிலில், தோட்டத்து ஓரமாக நிறுத்திய வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். லேசர் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளை மதியம்தான் முடியும். நடுவில் கழற்றிவிட்டு ஓடி வந்தால் உங்களுக்குப் பிடிக்காது.

நாளை சாயங்காலம் நாலு மணிக்குத்தானே உங்களை எடுக்கிறார்கள். முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.