சுவரில் மிச்சமிருந்த ஆள்

எங்கள் ஊருக்குப் படம் என்றால் இரண்டுதான் தெரியும். ஒன்று கல்யாண பேனர், இன்னொன்று கண்ணீர் அஞ்சலி பேனர். ஓவியக் கல்லூரி முடித்து, மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் இருக்கும் சொந்த ஊருக்கே திரும்பி வந்து, எங்கள் வீட்டுத் தெருச்சுவரில் வரைய ஆரம்பித்தேன். "இன்னா, போர்டு எழுதற வேலை கெடைச்சிச்சா?" என்று போகிற வருகிற எல்லோரும் கேட்டார்கள். கொஞ்ச நாளில் பதில் சொல்வதையே விட்டுவிட்டேன்.

நான் வரைந்தது கரும்பு வெட்டு. அம்மாவும் அவளோடு வெட்டுக்குப் போகும் பெண்களும் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். காவி, செங்கல்தூள், அடுப்புக்கரி, இவற்றைப் பசையில் குழைத்து அவர்களை வரைந்தேன். மண்ணில் புரளும் உடம்புக்கு அந்த மங்கல்தான் வேண்டும். வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கரும்புத் தோட்டக்காரரை மட்டும் எனாமல் பெயிண்டில் வரைந்தேன். சட்டை, மோதிரம், எண்ணெய் வழியும் அந்த முகம். அந்த ஆள் அப்படித்தான் மினுங்குவார். முடித்த அன்று அம்மா சுவரில் இருந்த தன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். "என் இடுப்பு இவ்ளோ வளைஞ்சா கீது?" என்றாள். எனக்கு வேறு பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

தோட்டக்காரருக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் வந்து கேட்கத் துப்பில்லை. அவரிடம் டிராக்டர் ஓட்டும் என் சித்தப்பாவைக் கூப்பிட்டு, அந்தப் படம் இருக்கிற வரைக்கும் வண்டிச் சாவியைத் தொடாதே என்று சொல்லிவிட்டார்.

"பொங்கலுக்கு எல்லா வூட்டுக்கும் வெள்ளை அடிக்கறதுதான பாப்பா? நம்ப வூட்டுக்கும் அடிச்சிட்டுப் போலாம்" என்றார் சித்தப்பா.

"கை வெச்சிப் பாரு சித்தப்பா. அப்புறம் நான் மனுஷியாவே இருக்க மாட்டன்."

போகிக்கு முந்தின நாள் பிரஷ் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். திரும்பி வந்தால் சுவர் பளீரென்று வெள்ளை. சித்தப்பா வாளி கழுவிக்கொண்டிருந்தார். "வருஷா வருஷம் அடிக்கறதுதான" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வாளியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. பேசப்போவதும் இல்லை.

சித்திரையில் ஒரு மழை அடித்தது. எனாமல் மேல் சுண்ணாம்பு நிற்காது. முதலில் தேய்க்க வேண்டும். சித்தப்பா அப்படியே பூசியிருந்தார். தோட்டக்காரர் மேல் இருந்த சுண்ணாம்பு மட்டும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, ஆள் நாற்காலியோடு முழுசாக வெளியே வந்துவிட்டார். பெண்கள் வரவில்லை. காவியும் கரியும் சுண்ணாம்பில் கரைந்து போயே போய்விட்டன. பாவி, நானே அந்த ஆளுக்குக் கெட்டி பெயிண்ட் அடித்துக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். அம்மா தன் இடத்தைத் தேடி விரலால் சுரண்டிப் பார்த்தாள். விரலில் வெள்ளைதான் வந்தது.

சேதி கேட்டுத் தோட்டக்காரரே பார்க்க வந்தார். கூலிக்காரப் பெண்கள் யாரும் இல்லாத வெள்ளைச் சுவரில் தான் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் முகமெல்லாம் பல். போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"இப்பதாம்மா படம் படமாட்டம் கீது. இத அழிச்சிடாத."

உள்ளே போய் உப்புத்தாள் எடுத்து வந்தேன். மெருகு போடப் போகிறேன் என்று நினைத்து அங்கேயே நின்றார். கண்ணிலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன்.

"ஏய், இன்னா பண்ற?"

"பொங்கலுக்கு இந்த எடம் மட்டும் உட்டுப்போச்சிங்க" என்றேன்.

நாளைக்கும் அவர் தோட்டத்துக்கே வெட்டுக்குப் போக வேண்டிய அம்மா, என் கையில் இருந்த தாளில் பாதியைக் கிழித்து வாங்கி, அவர் மோதிரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.