பல் பார்க்கும் கோனாரும் இரண்டு மாத்திரையும்

எட்டயபுரம் சந்தையில் மந்திரமூர்த்திக் கோனார் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொன்னால் ஆடுகூட மறுத்துப் பேசாது. அவர் அடிக்கடி மூத்திரத்துக்கு ஓடுவதைக் குறைக்க டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். "இது மூத்திரப்பையை முறுக்குற நரம்புச் சேதியைத் தடுக்கும். எச்சிலும் வத்தும்" என்றார்.

எச்சில் வற்றியது. கோனார் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். ஓட்டம் இன்னும் கூடியதால், தாமாகவே ஒரு மாத்திரைக்கு இரண்டாக விழுங்கினார். நரம்புச் சேதியைத் தடுக்கும் அந்த மருந்து கண்ணையும் பிடித்தது. கையருகில் இருப்பதெல்லாம் மங்கியது. அன்று ஒரு கிழட்டுக் கிடாயின் வாயைத் திறந்து, "பால்பல்லு" என்று தீர்ப்பளித்தார்.

"கோனாரே, அதுக்கு உம்ம வயசுல்லாவே!" என்று ஆட்டுக்காரர் சொல்ல, சந்தையே சிரித்தது.

மறுநாள் டாக்டரிடம் சொன்னார்: "மாத்திரையே வேண்டாம் சார். நான் ஓடுததைப் பாத்துச் சிரிக்கட்டும். நான் பல்லு சொன்னா எவனும் சிரிக்கப்பிடாது."