இழுத்த பாட்டு

மாடிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டதும் மகனுடைய பழைய ரெகார்டு பிளேயரில் பாட்டு இழுத்தது. "லோ வோல்டேஜுடா" என்றேன். "ரெகார்டு பழசும்மா. கரண்டுக்கும் பாட்டுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று சிரித்தான்.

நான் சிறுமியாயிருந்தபோது இதே கேள்வியை எங்கள் ஏரிக்கரை ஊரான தோணிரேவில் ஒருத்தர் என் அம்மாவிடம் கேட்டார்.

எங்கள் டேப்பில் பாடும் பெண்குரல் திடீரென்று கனத்து ஆண்குரலாகிவிடும். பக்கத்து ஐஸ் கம்பெனியில் மோட்டார் ஓடுகிறது என்று அர்த்தம். ஏரியில் கையால் தடவிப் பிடித்த இறாலை ஐஸில் போட அம்மா உடனே கூடையோடு தூக்கிக்கொண்டு ஓடுவாள். நானும் பின்னாலேயே ஓடுவேன்.

ஒருநாள் நாங்கள் போனபோது மோட்டார் நின்றிருந்தது. கம்பெனிக்காரர் வாசலை மறித்து, "காலையிலேந்து மோட்டாரே போடல. ஐஸ் இல்ல" என்றார். இறாலும் அவர்தான் வாங்குவார். அது கெட்டால் அடிமாட்டு விலைக்குக் கேட்கலாம்.

"போடலன்னா என் வூட்டு டேப் ஏன் இழுத்துச்சு?"

"டேப்புக்கும் மோட்டாருக்கும் இன்னாமா சம்பந்தம்?"

அம்மா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மோட்டார்மேல் கையை வைத்தாள். "சுடுது. நீயே வந்து தொட்டுப் பாரு" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் ஐஸை அள்ளிக் கூடையில் போட்டாள்.

மகன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாட்டச் சத்தமா வெச்சிட்டு செருப்ப மாட்டுடா. கீழ மோட்டார் ரூமுக்குப் போய் அத நிறுத்திப் பாக்கலாம்" என்றேன்.